நான் பத்திரப்படுத்திய கடிதங்கள்

என் மனைவி மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போன வருஷம்தான் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது. இரண்டாயிரத்து மூன்று கடைசியில். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். அவள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை லயத்தில் பிறந்து, படித்து, கணித ஆசிரியையாகப் பதுளைக்கு வந்தவள். நான் நமுனுகுல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, சமூகக் கல்வி படிப்பித்தேன். டவுனுக்கு மேலே, ரயில் பாதை தெரியும் ஒரு சரிவில் வாடகைக்கு இருந்தோம். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. ஒற்றை அறையில் ஆறு பேராக வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை எப்படிப்பட்டது என்று மற்றவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். மாலைதீவுப் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிருந்து ஆசிரியர்களை எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து அவளே விண்ணப்பம் போட்டாள். கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பிறகுதான், போகப்போவதாக என்னிடம் உறுதியாகச் சொன்னாள். மூன்று வருஷ ஒப்பந்தம்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. மனைவியின் அக்கா, கணவனை இழந்தவர், பூனாகலையில் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். எனக்கு மதினி, மகளுக்குப் பெரியம்மா. அவர் வராவிட்டால் மனைவி போயிருக்கவே முடியாது.

அவள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, பஜாரில் கணினி திருத்தும் ஒருவரிடம், யாரோ பாவித்து விற்ற கணினி ஒன்றை வாங்கினோம். அவர் ஹாலிஎல பக்கத்து ஆள், என் வயதுக்காரர். அவரே வந்து முன்னறையில் எல்லாவற்றையும் பொருத்தி, தொலைபேசி வயரை மாட்டி, கடிதம் அனுப்புவது எப்படி, வந்ததை இறக்குவது எப்படி என்று சொல்லித் தந்தார். மனைவி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கொப்பியில் படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

இணையம் அப்போது தொலைபேசி வழியாகத்தான் வரும். இணைப்பு விழும்போது மோடெம் கிரீச்சென்று கத்தி, இரைந்து, பிறகு அடங்கும். மகள் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அதைக் கேட்டால் ஓடி வருவாள். அம்மா வரும் சத்தம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டணம் ஏறும் என்பதால், கடிதங்கள் கணினிக்குள் இறங்கியவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாக வாசிப்போம். அப்படி இறக்கிய கடிதம் இணையக் கொம்பனியிடம் இருக்காது. எங்கள் வீட்டுக் கணினியில் மட்டும்தான் இருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வாரத்துக்கு இரண்டு கடிதமாவது வரும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவாள். தமிழில் தட்டச்சு செய்ய இருவருக்குமே தெரியாது. அந்த எழுத்தை வாசிக்க மதினிக்கு வராது. அதனால் நான் சத்தமாக வாசிப்பேன். மதினி வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ கேட்பார். மகள் என் மடியில் இருப்பாள். பள்ளிக்கூடம், சமையல், அறைத்தோழி, கடல், பிள்ளை என்ன சாப்பிட்டாள், பிள்ளைக்கு எண்ணெய் வைத்தீர்களா, இப்படித்தான் இருக்கும். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை மட்டும் பள்ளிக்கூடத்துக் கணினியில் தன் குரலைப் பதிந்து அனுப்பினாள். அரை நிமிஷம்தான். மகள் சோறு சாப்பிட அடம் பிடிக்கிறாள் என்று நான் எழுதியிருந்தேன், அதற்காக அவளிடம் நேரே பேசுவதுபோல் பேசியிருந்தாள். அது இறங்கி முடிய நெடுநேரம் பிடித்தது. அந்த வாரம் முழுக்க மகள் அதைப் போடச் சொல்லிப் போடச் சொல்லித்தான் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் போல ஒருநாள் மின்சாரம் போய் வந்தபோது கணினி எழும்பவில்லை. கடைக்காரர் வந்து சரிசெய்துவிட்டு, இந்தப் பெட்டியை நம்பக்கூடாது, வேண்டியதைச் சீடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடிதங்களைத் தேடிப் போகத் தேவையில்லாமல், அவை இருக்கும் இடத்துக்குப் போகும் சின்னப் படம் ஒன்றையும் திரையின் முகப்பில் வைத்துத் தந்தார். அதை அழுத்தினால் கடிதங்களின் வரிசை திறக்கும். சீடி எழுதும் கருவி ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

அன்றைக்கே ஒரு சீடி எழுதினேன். அதிலிருந்து ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் ஒன்று எழுதினேன். திரையில் இருந்த அந்தப் படத்தை இழுத்துச் சீடிக்குள் விடுவேன். கூடவே நான் எழுதிய பதில்களுக்கும் ஒரு படம் இருந்தது, அதையும் விடுவேன். எழுதி முடிந்ததும் சீடியை வெளியே எடுத்து, திரும்பப் போட்டு, அதிலிருந்து திறந்து பார்ப்பேன். எல்லாக் கடிதமும் திறக்கும். கடைசியாக அவள் குரலையும் போட்டுப் பார்ப்பேன். பேசுவாள். திருப்தியாக இருக்கும். எங்கள் பக்கத்துப் பனியில் சீடிகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஒரு ஆசிரியர் சொன்னதால், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பைகளைச் சேர்த்து, பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி, அலுமாரி மேல்தட்டில் வைத்தேன். அதைப் பெருமையாக அவளுக்கு எழுதினேன். ஒழுங்காகப் பாடக்குறிப்பே எழுதி வைக்காத மனுஷன் என்று கேலி செய்து பதில் போட்டிருந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து செப்டெம்பரில், ஒப்பந்தம் முடிய ஒன்றேகால் வருஷத்துக்கு மேலே இருக்கும்போது, அவள் திரும்பி வந்தாள். மார்பில் கட்டி. நான்கைந்து மாதமாகவே அது இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த மாதங்களில் வந்த ஒரு கடிதத்திலும் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் அதைப் பிள்ளைக்கு முன்னால் சத்தமாக வாசித்திருப்பீர்கள் என்றாள்.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுவை, பிறகு மருந்து. ரயிலில் கொழும்புக்குப் போவதும் வருவதுமாக ஒரு வருஷம் போனது. வீட்டில் இருக்கும் நாட்களில், அவள் தூங்கிய பிறகு நான் கணினியில் இருந்து அந்த நோயைப்பற்றித் தேடினேன். எனக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். கண்ணில் பட்ட பக்கத்தையெல்லாம் புக்மார்க் போட்டு வைத்தேன். அந்த மருந்து என்ன செய்யும், நான்காம் கட்டம் என்றால் என்ன, எலும்புக்குப் போனால் எவ்வளவு காலம், ஈரலுக்குப் போனால் எவ்வளவு காலம். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதுவும் அழிந்துபோகக்கூடாது என்று, புக்மார்க் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வழியைக் கண்டுபிடித்து, கடைசி இரண்டு சீடிகளில் அதையும் போட்டேன். இப்போது நினைத்தால், அவள் நோயில் நான் முழுமையாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

கடைசி மாதங்களில் எங்கும் கொண்டுபோகவில்லை. முன்னறையிலேயே கட்டில் போட்டோம். ஒருநாள் மத்தியானம், மதினி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் கணினிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"நான் எழுதினதெல்லாம் வச்சிருக்கீங்கல்ல?"

"எல்லாம் இருக்கு. சீடியில போட்டு வச்சிருக்கேன்."

"பிள்ளை பெருசானா குடுங்க. இப்ப வேணாம். இப்பக் குடுத்தா அழுவா."

சரி என்றேன். அவள் பாவித்த மின்னஞ்சல் கணக்கு அவளுடையது, இணையத்திலேயே இருப்பது. அதன் கடவுச்சொல்லை அப்போது கேட்டிருக்கலாம். அது என் வாய் வரை வந்தது. கேட்டால், நீ சாகப்போகிறாய் என்று நான் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன். அவளோ சாவைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். பயந்தது நான் மட்டும்தான். மதினி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

ஒக்டோபர் மழையில் அவள் போனாள். பூனாகலையில், அவளுடைய அப்பா அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

அதற்குப் பிறகு நான் கணினியைத் திறக்கவில்லை. மதினி அதன்மேல் ஒரு பழைய சேலைத் துணியைப் போட்டு மூடிவிட்டார். மகளுக்கு வயது எட்டை நெருங்கியிருந்தது. அம்மா பேசுவதைப் போடச் சொல்லிக் கேட்டாள். இன்னொரு நாள் போடுவோம் என்றேன். ஒரு கிழமை கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். அந்தக் குரலை என்னால் கேட்க முடியாது என்றுதான் நினைத்தேனே தவிர, அவளுக்கு அது வேண்டும் என்று நினைக்கவில்லை. நான்கைந்து தடவை கேட்டிருப்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அந்த நாட்களில் அது அங்கேயேதான் இருந்தது. துணியை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அடுத்த ஏப்ரலில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் இடி மின்னல் சாதாரணம். மழைக்கு முன்னால் தொலைபேசி வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கணினியைத் தொடாமல் இருந்ததால் நான் அதை மறந்துபோனேன். மோடெம் கருகிப்போயிற்று. தொலைபேசியும் செத்துவிட்டது. சில நாள் கழித்துக் கணினியைப் போட்டுப் பார்த்தேன். எழும்பி, பாதியில் நீலத் திரை காட்டி அணைந்தது. எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான். ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கடைக்காரர் அதைத் திறந்து வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவில்லை, உள்ளே எல்லாம் குழம்பியிருக்கிறது, முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்றார். பிறகு கேட்டார்.

"உள்ள முக்கியமா ஏதும் இருக்கா சேர்? பேக்கப் எடுத்திருக்கீங்களா?"

"இருக்கு. ஒன்பது சீடி இருக்கு."

"எல்லாமே இருக்கா? பாத்துட்டு வேணும்னா நாளைக்குச் சொல்லுங்க. அவசரமில்ல."

"ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாத்துத்தான் வச்சேன். நீங்க அழிங்க."

அழிங்க என்ற அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னது நான்தான். அவர் ஒரு நாள் தருகிறேன் என்றார். அந்த ஒரு நாள் எனக்கு வேண்டாமாக இருந்தது.

புது மோடெமோடு கணினி வீட்டுக்கு வந்ததும் டின்னை இறக்கி முதல் சீடியைப் போட்டேன். படம் வந்தது. அழுத்தினேன். கடிதங்கள் திறக்கவில்லை. இந்தப் படம் காட்டும் இடத்தில் எதுவும் இல்லை, அது இடம் மாறியிருக்கலாம் அல்லது அழிக்கப்பட்டிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. சீடி பழுதாகியிருக்கும் என்று அடுத்ததைப் போட்டேன். அதே அறிவிப்பு. மூன்றாவதிலும் அதே. ஒன்பதையும் போட்டேன். ஒன்பதும் பளபளவென்று புதிதாக இருந்தன. ஒரு புள்ளி பூஞ்சணம்கூட இல்லை.

டின்னோடு கடைக்குப் போனேன். அவர் முதல் சீடியைப் போட்டுப் பார்த்தார். இரண்டாவதைப் போட்டார். பிறகு அந்தப் படத்தின் கீழ் மூலையில் இருந்த சின்ன அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார். நான் மூன்று வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன். அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"இது வழி மட்டும்தான் சேர்" என்றார். "கடிதம் இதுக்குள்ள இல்ல. கடிதம் இருக்கிற எடத்துக்குப் போற வழி. சீடியில போயிருக்கிறது அந்த வழிதான்."

"நான் சீடியில இருந்து தொறந்து பாத்தேனே. தொறந்துச்சே."

"உங்க கொம்பியூட்டர்ல தானே தொறந்தீங்க. அதுல கடிதம் இருந்துச்சு. அதனால தொறந்திருக்கு."

சீடியைச் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கணினியில் இருந்ததையே பார்த்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று டின்னை மூடியிருக்கிறேன். தான் அந்தச் சீடிகளை வாங்கிப் பார்க்காமல் அழித்தது தப்பு என்று கடைக்காரர் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அந்தப் படத்தை முகப்பில் வைத்துத் தந்ததும் தான்தானே என்று அதற்கும் வருத்தப்பட்டார். நான் வந்துவிட்டேன்.

செய்ய முடிந்ததையெல்லாம் செய்தேன். அழிந்ததைத் திரும்ப எடுத்துத் தருபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் விசாரித்துச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போன அதே ரயிலில் போனேன். அழித்ததோடு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை, அதன்மேல் புதிதாக எல்லாம் எழுதியிருக்கிறார்களே என்றார் அங்கே இருந்தவர். ஒரு மாதம் கழித்து, கிடைத்ததை ஒரு சீடியில் போட்டுத் தந்தார். இலக்கங்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒரு விடுமுறை முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் திறக்கவில்லை. திறந்தவை எனக்கு விளங்காத குறிகள். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்ட சில படங்கள். அவள் எழுதியது என்று சொல்லக்கூடியது ஒன்று கிடைத்தது. எட்டாம் வகுப்புக்கான பின்னங்கள் பயிற்சித்தாள், ஆங்கிலத்தில், பன்னிரண்டு கேள்வி.

பிறகு, அவளுடைய கணக்கில் அவள் அனுப்பியவற்றின் பிரதி இருக்குமே என்று தோன்றியது. கடவுச்சொல்லாக எதையெல்லாம் வைத்திருப்பாள் என்று ஊகித்துப் போட்டுப் பார்த்தேன். மகளின் பெயர், பிறந்த நாள், பூனாகலை, என் பெயர். எதற்கும் திறக்கவில்லை. கடைசியில், என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது, அவள் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். சில நிமிஷத்தில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது. நெடுநாள் பாவிக்காத கணக்குகளை எடுத்துவிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் உயிரோடு இருந்த கடைசி மாதங்களில் யாராவது ஒரே ஒரு தடவை அதைத் திறந்திருந்தாலும் அது இருந்திருக்கும்.

அவள் படிப்பித்த தீவுப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதினேன். அங்கிருந்த கணினிகளை மாற்றிவிட்டார்கள், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இதை வீட்டில் நான் சொல்லவில்லை. டின்னை அதே மேல்தட்டில் வைத்தேன். உறவினர் யாராவது வந்து அவளைப்பற்றிப் பேசும்போது மதினி, "கடிதமெல்லாம் தம்பி பத்திரமா வச்சிருக்காரு, பிள்ளைக்கு" என்பார். நான் தலையாட்டுவேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படித் தலையாட்டினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது கடைசியில் மகள் வயதுக்கு வந்தாள். பதினொரு வயது. அவளுக்குத் தாய் இல்லாத குறை தெரியக்கூடாது என்று மதினி பூனாகலையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, தண்ணீர் ஊற்றி, எல்லா முறையும் செய்தார். எல்லோரும் போன மறுநாள் என்னிடம் வந்தார். பிள்ளை பெருசானா குடுங்க என்று என் மனைவி சொன்னபோது அவர் பக்கத்தில் இருந்தவர். அதை அவர் மறக்கவில்லை.

"பெரிய பிள்ளையாயிட்டா தம்பி. அவ சொன்னபடி குடுத்துடுங்க. நீங்க வாசிச்சுக்காட்ட வேணாம். அவளே வாசிச்சுக்குவா."

மகள் அவர் பின்னால் நின்றாள். மதினி அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. தலை சீவிப் பூ வைத்திருந்தாள். நான் மதினியைப் பார்க்காமல், மகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னேன். கடிதம் இல்லை என்றேன். எப்படிப் போனது என்று சொல்லத் தொடங்கினேன். அம்புக்குறியைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதினி கையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் அழவில்லை.

"அம்மா பேசினதும் போயிருச்சா?"

"போயிருச்சு."

உள்ளே போனாள்.

சில நாளில் டின்னை எடுத்து, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து, ஒன்பது சீடியையும் அவளே போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில் ஏதாவது தவறியிருக்கும் என்று நினைத்திருப்பாள். கடைசி இரண்டில் ஒரு கோப்பு மட்டும் திறந்திருக்கிறது. என் புக்மார்க் பட்டியல். அது உண்மையிலேயே சீடிக்குள் போயிருந்தது, ஒரு வரி குறையாமல். அவள் அம்மா அனுப்பிய அத்தனையும் போய், நான் அம்மாவின் நோயைப்பற்றித் தேடியது மட்டும் பத்திரமாக இருந்தது. இது எனக்கு முன்பே தெரியும். அவற்றை உடைத்துப் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். உடைக்காமல் வைத்தது ஏன் என்று தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கணினிக்கு முன்னால் இருந்தாள். அந்தப் பக்கங்களில் பாதி இப்போது இல்லை. இருந்தவற்றை வாசித்திருக்கிறாள். ஆங்கிலம் என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.

"இதுல போட்டிருக்கு, எலும்புக்குப் போனா அவ்வளவு நாள் இருக்க மாட்டாங்கன்னு" என்றாள். "அம்மா செத்துருவாங்கன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்ல முடியவில்லை. தெரியும் என்றேன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

சின்னப் பிள்ளை என்று நினைத்தேன் என்றேன். அவள் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டேன்."

அவள் அம்மா போனது ஒரு பள்ளிக்கூட நாளில், காலை பத்து மணி போல. காலையில் மூச்சு மாறியிருந்தது எனக்குத் தெரிந்தது. அப்படியும் வெள்ளைச் சீருடையைப் போட்டுவிட்டு, குடையைக் கொடுத்து, நான்தான் அவளை அனுப்பினேன்.

அதற்கும் பிறகு கொஞ்ச காலம், அவள் என்னிடம் வந்து, அம்மா என்னைப்பற்றி என்ன எழுதினார்கள் என்று கேட்பாள். கொப்பியும் பேனையுமாக வந்து உட்காருவாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அத்தனை கடிதத்தையும் சத்தமாக, சிலதை மூன்று நான்கு தடவை வாசித்தவன் நான். ஒரு கடிதம்கூட எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை. பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் எழுதியிருக்கக்கூடியது என்ன என்று எனக்குத் தெரியும். அவள் எழுதிய வரி தெரியாது. மகள் பேனையோடு காத்திருக்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வராமல், எழுதியிருக்கக்கூடியதை எழுதியதாகச் சொன்னேன். கடற்கரையில் உன் வயதுப் பிள்ளை ஒன்றைப் பார்த்து அழுதாளாம் என்றேன். உன் பிறந்தநாளுக்கு அங்கே தனியாகப் பாயாசம் வைத்தாளாம் என்றேன். ஒன்று சொன்னால் இன்னொன்று தானாக வந்தது. சொல்லும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

ஒருநாள் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு முந்திய பக்கங்களைப் புரட்டினாள்.

"பாயாசம் வச்சது பிறந்தநாளுக்குன்னு சொன்னீங்க. இப்பத் தீபாவளிக்குன்னு சொல்றீங்க."

இரண்டுக்கும் வைத்திருப்பாள் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தாள். அந்தக் கொப்பியை நான் அதற்குப் பிறகு காணவில்லை. எறிந்தாளா, எங்காவது வைத்திருக்கிறாளா, கேட்டதில்லை.

மதினியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. மதினிக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது இரண்டு விஷயம்தான். அங்கே மிளகாய்த்தூள் காரமே இல்லை, வறுத்து அரைத்து அனுப்புங்கள் என்று ஒரு தடவை எழுதியது. மகளுக்குத் தலையில் பேன் என்று கேள்விப்பட்டு, முடியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள் என்று எழுதியது. வேறு ஏதாவது என்று மகள் எத்தனை தடவை கேட்டாலும் அவர் அந்த இரண்டையும்தான் சொல்வாராம். வேறு ஞாபகம் இல்லடி என்பாராம்.

மகள் என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். பேசுவாள், சாப்பாடு போட்டுத் தருவாள், பரீட்சைப் பெறுபேறு வந்தால் முதலில் என்னிடம்தான் காட்டுவாள். அம்மாவைப்பற்றி என்னிடம் கேட்பதில்லை. நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கண்கள் என் முகத்திலேயே இருக்கும். இது நடந்ததா, நான் சேர்த்ததா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். எது நடந்தது, எது சேர்த்தது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல என்னால் இப்போது முடியாது. பல இடங்களில் எனக்கே அது தெரியவில்லை.